எட்டு மணி மாத்திரை!

2008 செப்டம்பரில், விபத்தில் மூளைச்சாவடைந்த ஹிதேந்திரனின் உறுப்புகளை அவன் பெற்றோர் தந்தபோது தமிழகமே கண்கலங்கியது. தந்தவரைப் போற்றினோம். பெற்றவர் பிறகு எப்படி வாழ்கிறார் என்று கேட்டோமா?

நம் சின்னசேலத்தில், மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்ட 16 வயதுப் பையன் ஒருவன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவன் உடலின் காவற்படை, வந்த சிறுநீரகத்தை அந்நியன் என்றெண்ணித் தாக்கும். அதை அடக்கி வைப்பது டாக்ரோலிமஸ் போன்ற மாத்திரைகள். காலை எட்டு, இரவு எட்டு. ஓராண்டுக்கு அல்ல, அந்தச் சிறுநீரகம் உழைக்கும் காலமெல்லாம்! தவறினால் பல நேரம் வலியே தெரியாது. இரத்தத்தில் கிரியேட்டினின் ஏறியிருப்பது தெரியும்போது கேடு உள்ளே முற்றியிருக்கும். பொருத்திய சிறுநீரகம் பழுதாகும் ஆபத்து 17 முதல் 24 வயதில்தான் அதிகம் என்கிறது அமெரிக்கக் கணக்கு.

"பையனுக்குப் பொறுப்பில்லை" என்று சீறுகிறார்கள் பெரியவர்கள். சீறுவது எளிது! ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் உப்புகிறது, பரு முளைக்கிறது, வகுப்பிலே கேலி. உடம்புதான் தேறிவிட்டதே, இன்னும் எதற்கு மாத்திரை என்று அந்த வயது கேட்கும்; கேட்காவிட்டால்தான் வியப்பு! அப்பா விடியுமுன் மரவள்ளிக் காட்டுக்கு, அம்மா களையெடுக்க. எட்டு மணிக்கு வீட்டிலே யார்?

அமெரிக்காவிலும் கனடாவிலும் 11 முதல் 24 வயதுள்ளோரிடம் சோதித்துப் பார்த்தார்கள். 2018இல் முடிவு வந்தது. திறப்பதைக் குறித்துக்கொள்ளும் மாத்திரைப் பெட்டி எல்லோருக்கும் உண்டு. ஒரு சாராருக்கு மட்டும் கைபேசியில் நினைவூட்டல், அதோடு, மூன்று திங்களுக்கு ஒருமுறை எதிரே அமர்ந்து, "எதனால் தவறியது, இனி என்ன செய்யலாம்?" என்று பேச ஓர் ஆள். அவர்களே ஒழுங்காக மாத்திரை எடுத்தார்கள். பெட்டி மட்டும் போதவில்லை!

அறுவைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. கள்ளக்குறிச்சிக்கு 2022இல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. எதிரே அமர்ந்து பேச ஆள்? அதற்குப் பட்டம் வேண்டாம். பக்கத்து வீட்டு அண்ணன் போதும். போலீஸ்காரர்போல "போட்டாயா?" என்று மிரட்டாமல், தேநீர் வேளையோடு மாத்திரையைச் சேர்த்துவிடலாம். ஒருவேளை தவறினால் அடுத்த வேளைக்கு இரண்டாக விழுங்காமல் மருத்துவமனைக்குத் தொலைபேசச் சொல்லலாம்.

இன்னொன்று. மருந்து வாங்கச் சென்னை போனால் அப்பாவுக்கு ஒருநாள் கூலி போச்சு. அதனால் பயணம் தள்ளிப்போகும், மாத்திரை தீர்ந்துபோகும். பத்து நாள் மாத்திரை மிச்சமிருக்கும்போதே வண்டி ஏற்றிவிடுங்கள். வழிச்செலவைக் கிளைத் தோழர்கள் நாலுபேர் பகிர்ந்துகொண்டால் யாருக்கும் பாரமில்லை.