காயம் இருந்தும் வலி தெரியாதது ஏன்?

தைப்பூசத்தன்று பத்துமலையில் காவடி எடுத்துத் திரும்பிய ஜெராம், புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்து ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். 272 படி ஏறும்போது வலி தெரியவில்லை, மறுநாள்தான் தோளைத் தூக்க முடியவில்லை என்பார்கள். செம்பனைக் குலை வெட்டுகிறவர்களுக்கும் இது தெரிந்த கதைதான். வேலை மும்முரத்தில் மட்டை முள் கிழித்திருக்கும். வீட்டுக்கு வந்து குளிக்கும்போதுதான் எரியும்.

பக்தியின் பங்கை அளக்க நாம் யார்? உடம்பின் பங்கை மட்டும் பார்ப்போம்.

அபினிலிருந்து எடுக்கும் மார்பின் வலியைத் தணிக்கும். ஒரு செடியின் சாறு மனித மூளையில் ஏன் வேலை செய்ய வேண்டும்? அதற்கென்றே பூட்டு போன்ற இடங்கள் மூளையில் இருப்பது 1973இல் தெரியவந்தது. அப்படியானால் உடம்பிலேயே சாவியும் இருக்க வேண்டுமே! 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஜான் ஹியூஸ், ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸ் இருவரும் அதைப் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். ஐந்தே அமினோ அமிலங்கள் கோத்த அந்தச் சிறு துண்டின் பெயர் என்கெஃபலின். நாம் அடிக்கடி கேள்விப்படும் எண்டார்ஃபின் அதற்கு அண்ணன் முறை.

பயம், பதற்றம், கடும் உழைப்பு வரும்போது மூளையும் தண்டுவடமும் இவற்றைச் சுரந்து, வலிச் செய்தியைப் பாதி வழியிலேயே மடக்குகின்றன. மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில், மன அழுத்த ஹார்மோனைத் தூண்டும் பொருளும் பீட்டா எண்டார்ஃபினும் ஒரே புரதத்தை நறுக்கித்தான் உண்டாகின்றன. ஆபத்தில் முதலில் தப்பி ஓடு, வலியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிற ஏற்பாடு இது. பதற்றம் அடங்கியதும் வலி திரும்பிவிடும்.

திரும்பாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இனவாரியாகப் பார்த்தால் நம்மவர்களிடம்தான் அதிகம். இந்நோய் பாத நரம்புகளை மெல்லக் கெடுத்துவிடும். தீ மிதித்து மறுநாள் பாதத்தில் கொப்புளம் இருந்தும் வலிக்கவில்லையா? ஆணி குத்தியது சாயங்காலம் சிலிப்பரில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்ததா? அது எண்டார்ஃபின் வேலையல்ல. நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது. அரசு கிளினிக்கில் மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிப்பார்கள். சில நிமிட வேலைதான். இனிப்புநீர் உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது கேட்டுச் செய்துகொள்ளுங்கள். தினமும் படுக்கும் முன் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள்.