ஒரகடத்திலிருந்து குடியம் வரை: பாதைகளைக் கோப்பது எப்படி?

சிங்கப்பெருமாள்கோவிலில் தொடங்கும் மாநில நெடுஞ்சாலை ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வழியாகத் திருவள்ளூருக்குப் போகிறது. வழிநெடுக கார், லாரி, மோட்டார்சைக்கிள் ஆலைகள், அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனிகள். கன்டெய்னர் லாரிகளும் ஷிப்ட் பஸ்களும் ஓயாமல் ஓடும் இந்தச் சாலையோரம் சைக்கிளை மிதிப்பது ஆபத்து. ஆனால் சாலையை விட்டு உள்ளே இறங்கினால் ஏரிக்கரைகள், வண்டிப்பாதைகள், வயல் வரப்போரம் ஒற்றையடிப் பாதைகள் இன்னும் இருக்கின்றன. வாரத்தில் ஒருநாள் விடுமுறை கிடைக்கும் ஆலைத் தொழிலாளிக்கு, அறையிலிருந்து கிளம்பி நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் ஓர் இடம் வேண்டும் என்றால் அதை இவற்றிலிருந்துதான் உருவாக்க முடியும்.

நடைப்பயணத்துக்கும் மலைச் சைக்கிளுக்குமான பாதை வலை என்றதும் காட்டை வெட்டிப் புதுப்பாதை போடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். நல்ல வலைகள் பெரும்பாலும் இருக்கும் பாதைகளைக் கோத்தே உருவானவை. இலங்கையின் மலையகத்தில் கண்டியிலிருந்து நுவரெலியா வரை சுற்றிச் செல்லும் 'பீக்கோ டிரெயில்' 300 கிலோமீட்டருக்கும் மேல் நீளமானது. 22 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. தேயிலைத் தோட்டங்களின் பழைய பாதைகளே அதன் அடித்தளம். மலையகத் தமிழர்கள் தலைமுறைகளாக நடந்து தேய்த்த தடங்கள் அவை.

நம் பக்கம் முதல் வேலை, பாதை யாருடையது என்று பார்ப்பது. கிராம வரைபடத்தில் வண்டிப்பாதை புறம்போக்கு தனியாகக் காட்டப்பட்டிருக்கும். தரையில் அதன் மேல் வேலியோ சுற்றுச்சுவரோ எழும்பியிருக்கலாம். பெரிய ஏரிகளின் கரை நீர்வளத்துறையிடமும், சிறிய ஏரிகளின் கரை ஊராட்சியிடமும் இருக்கும், காடு வனத்துறையிடம். பத்துக் கிலோமீட்டர் பாதைக்குள் நான்கு உரிமையாளர்கள் வந்துவிடலாம். ஒருவர் ஒப்புதல் தராவிட்டால் அந்த இடத்தில் வலை அறுந்துவிடும். அதனால்தான் வரைபடத்தில் கோடு போடுவதற்கு முன்பே தாலுகா அலுவலகத்துக்குப் போவது நல்லது.

அடுத்தது தண்ணீர். பாதையைக் கெடுப்பது காலும் சக்கரமும் மட்டும் என்று எண்ண வேண்டாம். பெரிய சேதத்தைச் செய்வது மழைநீர். மலைச்சரிவில் நேர்கீழாகப் பாதை போட்டால் முதல் பெருமழையிலேயே அது ஓடையாகிவிடும். பாதை அமைப்பவர்கள் உலகெங்கும் கைக்கொள்ளும் கணக்கு ஒன்று உண்டு: பாதையின் ஏற்றம், அது குறுக்கே செல்லும் சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. சரிவு 20 சதவீதம் என்றால் பாதை 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அப்போது நீர் பாதையைக் குறுக்கே கடந்து கீழே போகும், பாதையோடு ஓடாது. கூடவே, பாதையின் வெளி விளிம்பைச் சற்றே தாழ்த்துவார்கள். ஒரு மீட்டர் அகலத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் போதும்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சிக்கலே வேறு. சமதரையில் நீர் ஓட இடமின்றித் தேங்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தாழ்ந்த தடமெல்லாம் சேறாகிவிடும். இந்தச் சமவெளியில் பாதைக்கு உயரம் வேண்டும் என்றால் அந்த உயரம் ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கிறது: ஏரிக்கரை. ஆனால் கரை முதலில் நீரைத் தாங்குவதற்கானது. ஈரக்கரையில் சைக்கிள் தடம் பதிந்தால் அந்தப் பள்ளத்தில் நீர் இறங்கி மண்ணை அரிக்கும். ஆகவே ஏரி நிறைந்திருக்கும் மாதங்களில் கரைமேல் சைக்கிளுக்குத் தடை வேண்டும், கலங்கலையும் மதகையும் ஒட்டிய இடங்களில் ஆண்டு முழுவதும். இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மலை வேண்டுவோர் அதே சாலையில் வடக்கே திருவள்ளூர் போய், பூண்டி தாண்டி, குடியம் செல்ல வேண்டும். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின் 40 தடங்களில் திருவள்ளூர் மாவட்டத்துக்குரியது குடியம் குகைத் தடம். அந்தக் குகைகள் கூழாங்கற்கள் இறுகி உருவான பாறையின் அடியில் குடைந்த நிழலிடங்கள். நிமிர்ந்து பார்த்தால் கூரை முழுக்க உருண்டைக் கற்கள் பதிந்திருக்கும். இந்தப் பாறை உதிர்த்த குவார்ட்சைட் கற்களைத்தான் ஆதிமனிதர்கள் கருவிகளாகச் செதுக்கினார்கள். பக்கத்திலுள்ள அத்திரம்பாக்கத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-இல் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அங்கே கிடைத்த மிகப் பழைய கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் வயது என்று 2011-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. பூண்டியில் இதற்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. தடத்துக்கு முன்பாக அங்கே ஒரு மணி நேரம் செலவிட்டால் காலடியில் கிடக்கும் கல்லைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும். கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது.

இத்தடங்களில் தனியாகப் போக முடியாது. இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். அப்பகுதி ஊர்களையும் பழங்குடிக் குடியிருப்புகளையும் சேர்ந்த, பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் உடன் வருவார்கள். இந்தக் கட்டுப்பாட்டின் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றம் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டில் மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் வந்தன. தீப் பருவத்தில் தடங்களை மூடுவதை எரிச்சலோடு பார்ப்பவர்கள் அந்த நாளை நினைத்துக்கொள்ளட்டும்.

இந்தத் தடங்கள் நடப்பதற்கானவை. சைக்கிளுக்குத் தனித் தடம் வேண்டும், அல்லது அகலமான பொதுத்தடம் வேண்டும். பொதுத்தடத்தில் நடப்பவருக்குச் சைக்கிள்காரர் ஒதுங்கி வழிவிட வேண்டும். மாடு ஓட்டி வருபவருக்கு இருவருமே.

திறப்பு விழாவுக்குப் பிறகு பாதை பெரும்பாலும் கவனிப்பாரற்றுப் போகிறது. மழை ஓய்ந்த ஜனவரியில் ஒருவர் முழுத் தடத்தையும் நடந்து, அரித்த இடத்தைக் குறித்து, சீமைக்கருவேலத்தை வெட்டி, சாய்ந்த கைகாட்டியை நட்டு நிமிர்த்த வேண்டும். பாதையோரக் கிராமத்தவர் ஒருவரை இதற்கென்று மாதச் சம்பளத்தில் அமர்த்தலாம். ஆலைகளின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து இதற்குப் பணம் கேட்பதாக இருந்தால், பெயர்ப்பலகைக்கும் நுழைவு வளைவுக்கும் முன்னால் அந்தச் சம்பளத்தைக் கேளுங்கள்.