கீமோதெரபிக்குப் பின் காய்ச்சலா? விடியும் வரை காத்திராதீர்கள்

கீமோதெரபி மருந்துகள் விரைந்து பெருகும் அணுக்களைத் தாக்குகின்றன. புற்றுநோய் அணுக்களோடு, இரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையும் அதனால் பாதிப்படைகிறது. பெரும்பாலும் மருந்து ஏற்றிய 7 முதல் 14 நாட்களுக்குள் அணுக்களின் எண்ணிக்கை மிகவும் குறைந்து, பின்னர் படிப்படியாக உயரும்.

சிவப்பணுக்கள் குறைந்தால் சோர்வும் மூச்சிரைப்பும் உண்டாகும். தட்டணுக்கள் குறைந்தால் ஈறுகளில் இரத்தம் கசியும். தோலில் சிவந்த புள்ளிகள் தோன்றும். எனினும் உடனடிப் பேராபத்து, தொற்றை எதிர்க்கும் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்கள் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 500க்கும் கீழே குறைவதே. அந்நிலையில் சீழோ வீக்கமோ இன்றி, காய்ச்சல் ஒன்றே தொற்றின் அறிகுறியாக இருக்கக்கூடும்.

ஆகவே, வெப்பமானி 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காட்டினால் அது அவசர நிலை. பாராசிட்டமால் விழுங்கிவிட்டு உறங்கிவிடாதீர்கள். அது காய்ச்சலை மறைக்குமே தவிர, தொற்றைத் தீர்க்காது. மருத்துவமனையை அடைந்த 1 மணி நேரத்திற்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் செலுத்துவதே உயிரைக் காக்கும்.

உங்கள் சிகிச்சை சென்னையில் நடைபெறலாம். கும்மிடிப்பூண்டியிலிருந்து அது ஏறத்தாழ 45 கிலோமீட்டர். நள்ளிரவில் காய்ச்சல் கண்டால் காலை ரயிலுக்குக் காத்திராமல், 108ஐ அழைத்து, அருகிலுள்ள அவசர சிகிச்சைப் பிரிவை அடையுங்கள். சிகிச்சைக் கோப்பைக் காட்டி, கீமோதெரபி ஏற்றி எத்தனை நாளாயிற்று என்பதை முதலில் கூறுங்கள். உடனிருந்து கவனிப்பவர் தொழிற்சாலையில் இரவுப் பணிக்குச் செல்பவராயின், வீட்டிலுள்ள இன்னொருவரும் இவற்றை அறிந்திருத்தல் வேண்டும்.