கியர்பொக்ஸ் மாற்றிய பிறகும் ரிவேர்ஸ் விழவில்லையா? முதலில் கேபிளைப் பாருங்கள்

கடந்த மாதம் கிளிநொச்சியில் ஓர் அண்ணையின் வீட்டு வாசலில் நின்று கதைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய பழைய ரொயோட்டா கொரோலா 'பி' கியரில் நின்றது. வாசலில் இருந்து வீதிக்குச் சின்ன இறக்கம். பேச்சின் நடுவே கார் மெல்லப் பின்னுக்கு உருளத் தொடங்கியது. செயற்கைக் காலோடு அவரால் ஓட முடியாது. நான்தான் ஓடிப்போய்க் கதவைத் திறந்து ஹாண்ட் பிரேக்கை இழுத்தேன். ரியூசன் முடிந்த பிள்ளைகள் சைக்கிளில் வந்துகொண்டிருந்த நேரம் அது.

2009 இல் இடது காலை இழந்தவர் அவர். கிளச் மிதிக்க வேண்டிய வாகனம் அவருக்குச் சரிவராது. ஒட்டோ கியர் என்றால் வலது கால் மட்டும் போதும். வன்னியில் இப்படி ஒட்டோ காரை நம்பி வாடகைக்கு ஓடிப் பிழைக்கும் பலரை எனக்குத் தெரியும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பவும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களின் விலை எங்கேயோ போய்விட்டது. கியர்பொக்ஸ் போனால் காரை மாற்றுவது நடக்காத காரியம். கழற்றிய பெட்டி ஒன்றைத் தேடி வாங்கிப் பூட்டுவதுதான் வழி.

இவரும் அதைத்தான் செய்தார். பூட்டிய நாளிலிருந்து கரைச்சல். 'ஆர்' போட்டால் சில வேளை கார் அசையாது. 'டி' என்று காட்டும், இஞ்சின் இரையும், வண்டி தயங்கித் தயங்கிப் போகும். 'பி'யில் விட்டால் நிற்காது.

"பூட்டின பெட்டி பழுதாம் தம்பி. இன்னொண்டு வாங்கச் சொல்லுறாங்கள். இதுக்கு வாங்கின கடனே இன்னும் முடியேல்லை" என்றார்.

நான் மெக்கானிக் இல்லை, ஊடகக் கற்கை படித்தவன். ஆனால் பாடசாலை விடுமுறைகளில் மாமாவின் கராஜில் ஸ்பானர் எடுத்துக் கொடுத்து வளர்ந்தவன். அன்று மாலையே அவரைத் தொலைபேசியில் பிடித்தேன். அறிகுறிகளைக் கேட்டுவிட்டு மாமா ஒரேயொரு கேள்விதான் கேட்டார்: "கேபிளைச் செற் பண்ணினவங்களோ?"

சாரதி பிடிக்கும் கியர் லீவருக்கும் கியர்பொக்ஸுக்கும் இடையில் ஓர் உருக்குக் கேபிள் ஓடுகிறது. அதன் மறுமுனை, பெட்டியின் வெளிப்பக்கத்தில் இருக்கும் சிறிய இரும்புக் கை ஒன்றில் மாட்டப்பட்டிருக்கும். நீங்கள் லீவரை நகர்த்த அந்தக் கை திரும்பும். அது உள்ளே ஒரு வால்வை நகர்த்தி, எண்ணெய் அழுத்தத்தை உரிய கிளச்சுக்கு அனுப்பும். கேபிள் சில மில்லிமீற்றர் நீண்டோ குறுகியோ இருந்தால், லீவர் 'ஆர்' என்று காட்டும்போது வால்வு 'ஆரு'க்கும் 'என்னு'க்கும் நடுவில் நிற்கும். எண்ணெய் பாதி அழுத்தத்தில் போகும், கிளச் வழுக்கும், எரியும். நல்ல பெட்டி ஒன்று உண்மையிலேயே பழுதாவது இப்படித்தான். இந்த நிலையில் ஓடிக்கொண்டே இருப்பதுதான் பெரிய நட்டம்.

'பி' வேறு விதமானது. அங்கே காரைப் பிடிப்பது எண்ணெய் அல்ல. உள்ளே உள்ள பல்லுச்சில்லு ஒன்றில் ஒரு கொக்கி விழுந்து பூட்டிக்கொள்ளும். கை முழுத்தூரம் போகாவிட்டால் கொக்கி பல்லின் நுனியில் தொட்டுக்கொண்டிருக்கும், ஒரு சிறு அசைவில் நழுவிவிடும். வாசலில் நடந்தது அதுதான்.

பெட்டி மாற்றிய பிறகு இது ஏன் வருகிறது? பெரும்பாலும் பழைய அளவிலேயே கேபிளைத் திரும்ப மாட்டிவிடுவதால். இன்னொன்றையும் மாமா சொன்னார்: வெளியில் பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பெட்டிகளில் அந்த இரும்புக் கையின் நீளமோ வளைவோ வேறாக இருக்கலாம். அப்படியென்றால் பழைய பெட்டியின் கையைக் கழற்றிப் புதியதில் போடவேண்டும். பழைய பெட்டியை இரும்புக்கு விற்க முன்னர் இதைப் பாருங்கள். கேபிள் நுனியில் உள்ள பிளாஸ்ரிக் புஷ் தேய்ந்திருப்பது, கிளிப் விழுந்திருப்பது, கேபிளைப் பிடிக்கும் தகடு வளைந்திருப்பது, சைலன்சர் குழாயில் பட்டு உறை உருகியிருப்பது ஆகியவையும் உண்டு.

மறுவாரம் மாமாவே யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தார். இஞ்சின் நிற்பாட்டி, ஹாண்ட் பிரேக் இழுத்து, பின்சில்லுகளுக்குக் கல் வைத்து, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினோம். ஜக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே போகவே கூடாது.

கேபிளைக் கழற்றிவிட்டு அந்தக் கையைக் கையாலேயே நகர்த்தினார். ஆறு இடத்திலும் 'டிக், டிக்' என்று தெளிவாக விழுந்தது. "பெட்டியின்ர பக்கம் பிழையில்லைப் போல" என்றார். பிறகு கையை 'பி' பக்கமாக முட்டும்வரை தள்ளினார். அது உண்மையிலேயே 'பி'தானா என்று பார்க்க ஒரு வழி உண்டு. முன்சில்லுகளில் ஒன்றைச் சுற்றினால் மற்றது எதிர்ப்பக்கம் சுற்றும், இரண்டையும் ஒரே பக்கம் சுற்ற முடியாது. அங்கிருந்து இரண்டு 'டிக்' திரும்பி வந்தால் 'என்'. உள்ளே லீவரையும் 'என்'னில் வைத்து, அதை 'ஆர்' பக்கமாக மெதுவாக அழுத்திப் பிடித்தபடி கேபிளின் நட்டை இறுக்கவேண்டும். அழுத்திப் பிடிப்பது கேபிளின் தளர்வை எடுப்பதற்காக. லீவரைப் பிடித்தது அண்ணை, இறுக்கியது மாமா. அரை மணித்தியாலம் பிடிக்கவில்லை.

அடுத்தது பெட்டியோடு பொருத்தியிருக்கும் நியூட்ரல் சுவிட்ச். 'பி'யிலும் 'என்'னிலும் மட்டும் ஸ்ரார்ட் ஆகவேண்டும். 'டி'யில் அல்லது 'ஆர்'இல் ஸ்ரார்ட் ஆனால் அது ஆபத்து, உடனே சரிசெய்யுங்கள். 'ஆர்' போட்டதும் பின் வெள்ளை விளக்கு எரிகிறதா என்பதையும் பாருங்கள். இவருடைய காரில் எரியவில்லை. சுவிட்ச்சின் போல்ட்டுகளைத் தளர்த்தி, 'என்'னில் வைத்து, அதன் கோட்டையும் வெட்டையும் நேராக்கி இறுக்கியதும் எரிந்தது.

கேபிள் என்றதும் சிலர் குழம்பும் இன்னொன்றும் இருக்கிறது. பழைய ரொயோட்டாக்கள் பலவற்றில் அக்சிலேற்றர் பக்கத்தில் இருந்து கியர்பொக்ஸுக்கு வேறொரு மெல்லிய கேபிள் போகும். கியர் எப்போது மாறவேண்டும், எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. அக்சிலேற்றரை முழுவதும் மிதித்த நிலையில், அந்தக் கேபிளின் உறை நுனிக்கும் அதன் தடுப்புக் குமிழுக்கும் இடையில் 0 முதல் 1 மில்லிமீற்றர் வரைதான் இடைவெளி இருக்கலாம். தளர்வாக விட்டால் கியர் முந்தி மாறும், கிளச் வழுக்கித் தேயும்.

இவ்வளவும் செய்து, எண்ணெய் மட்டமும் சரியாக இருந்து, அதற்குப் பிறகும் 'ஆர்' வழுக்கினால்தான் பெட்டிக்குள்ளே பிழை. அப்போது இன்னொரு பெட்டியைப் பற்றி யோசிக்கலாம்.

கார் இப்போது ஓடுகிறது. போன கிழமை போனபோது அதே இறக்கத்தில், 'பி'யில் நின்றது. பின்சில்லுக்குக் கீழே ஒரு செங்கல். "இது என்னண்ணை?" என்று கேட்டேன்.

"பழக்கமாப் போச்சு தம்பி" என்றார்.