விண்கலத்தை ஓட்டுபவர் யார்?

சிட்லபாக்கத்தில் காலை நடை போகும்போது, தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து எழும் பயிற்சி விமானங்களை அண்ணாந்து பார்ப்பது என் வழக்கம். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்போருக்கே பயிற்சி தரும் பள்ளி ஒன்று அங்குள்ளது. ககன்யான் திட்டத்துக்குத் தேர்வான நால்வருள் ஒருவரான பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர் அங்கே பயின்றவர். சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணனும் விமானப் பயிற்றுநரே.

"எல்லாவற்றையும் கணினியே செய்யுமாமே தாத்தா, பிறகு எதற்கு விமானி?" என்று பேரன் கேட்டான். பொருளாதாரம் கற்பித்த எனக்கும் அந்தக் கேள்வி உண்டு. 2018-இல் 9,023 கோடி ரூபாயாக இருந்த திட்ட ஒதுக்கீடு, கூடுதல் பயணங்களையும் சேர்த்து 2024-இல் 20,193 கோடியாக உயர்ந்தது. மனிதர் ஏறாத கலமென்றால் உயிர்காப்பு ஏற்பாடுகளுக்கான செலவே இராது.

விமானத்தைத் தாங்குவது காற்று. விண்கலத்தைத் தாங்க எதுவுமில்லை. அது விழுந்துகொண்டே இருக்கிறது. 400 கி.மீ. உயரத்திலும் புவியீர்ப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு எஞ்சியிருக்கும். ஆயினும் மணிக்குச் சுமார் 28,000 கி.மீ. வேகத்தில் பக்கவாட்டில் விரைவதால், கலம் விழ விழப் பூமியின் பரப்பும் வளைந்து விலகிச் செல்கிறது. அந்த வேகத்தைப் பெறுவதற்காகவே 640 டன் எடையுள்ள எல்.வி.எம்.3 ராக்கெட், அதில் பெரும்பகுதி எரிபொருள்தான். அதன் விகாஸ், கிரையோஜெனிக் எஞ்சின்கள் நம் மகேந்திரகிரியில் சோதிக்கப்படுபவை.

ஏறும் சில நிமிடங்களில் மனிதக் கைக்கு வேலை குறைவு. 1961-இல் யூரி ககாரின் பறந்தபோது கைக்கட்டுப்பாடு பூட்டப்பட்டிருந்தது. திறக்கும் எண் உறையில் இடப்பட்டிருந்தது. எடையற்ற நிலையில் மனம் தடுமாறுமோ என்ற அச்சம்!

சுற்றுப்பாதையிலோ விமானியின் பழக்கமே அவரை ஏமாற்றும். 1965 ஜூனில் ஜெமினி 4 கலத்தின் ஜேம்ஸ் மெக்டிவிட், கழன்று மிதந்த ராக்கெட் பகுதியை நெருங்க அதை நோக்கியே உந்தினார். நெருங்க முடியவில்லை, எரிபொருள் கரைந்தது, முயற்சி கைவிடப்பட்டது. முன்னால் செல்வதைப் பிடிக்க விரும்புபவர் வேகத்தைக் கூட்டினால், பாதை உயர்ந்து சுற்றும் நேரம் நீண்டுவிடும். வேகத்தைக் குறைத்துத் தாழ்ந்த பாதைக்கு இறங்கினால் சுற்று விரைவில் முடியும், இடைவெளியும் குறையும். ஜி.எஸ்.டி. சாலையில் வண்டி ஓட்டிப் பழகியவருக்கு இது விளங்கச் சற்று நேரமாகும். இந்தக் கணக்கைக் கணினி பிழையின்றிப் போடும். 2025 ஜூனில் சுபான்ஷு சுக்லா விமானியாகச் சென்ற டிராகன் கலம், பன்னாட்டு விண்வெளி நிலையத்துடன் தானாகவே இணைந்தது. அவர்கள் பணி கண்காணிப்பது, தேவைப்பட்டால் தலையிடுவது.

அந்தத் 'தேவைப்பட்டால்' 1985-இல் நேர்ந்தது. சோவியத்தின் சல்யூட் 7 நிலையம் மின்சாரமிழந்து உறைந்து கிடந்தது. தானியங்கி இணைப்புக்கு உதவும் சமிக்ஞை எதுவும் அதிலிருந்து வரவில்லை. விளாதிமிர் ஜானிபெகோவ், தொலைவை அளக்கும் கருவியின் துணையுடன், கண்ணால் பார்த்துக் கையாலேயே கலத்தை இணைத்தார். அவரும் சவினிக்கும் உள்ளே சென்று, கடுங்குளிரில் அந்நிலையத்தை மீண்டும் இயங்க வைத்தனர். ஜானிபெகோவும் முன்பு விமானப் பயிற்றுநராக இருந்தவர்.

எந்திரம் எதிர்பாராத அந்த ஒரு நாளுக்காகத் தரப்படும் காப்பீட்டுத் தொகை என்றே விமானிக்கான செலவை நான் பார்க்கிறேன். மனிதரை ஏன் அனுப்ப வேண்டும் என்ற முதல் கேள்வி வேறு. அதைத் தீர்மானிக்க வேண்டியது நாடாளுமன்றம். பேரனுக்கு ஜானிபெகோவ் கதையை மட்டும் சொன்னேன். அடுத்த விமானம் தலைக்கு மேல் வந்ததும், "அதில் இருப்பவர் ஆசிரியரா, மாணவரா?" என்று கேட்டான்.