கோடி கோடியாய் பணம் சிக்கியும் ஜெயிச்சது எப்படி? வேலூர் ஓட்டுக் கணக்கு!

வேலூர்: பணப் புகாரில் தேர்தலே ரத்தானது. ஆனாலும் அதே வேட்பாளர் மறுபடி நின்றார், ஜெயித்தார். 5 வருஷம் கழித்து இரண்டு லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் மீண்டும் ஜெயித்தார்.

அப்படின்னா, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி மக்களுக்குப் பணப் புகார் பெரிய விஷயமே இல்லையா? கணக்கைப் பிரித்துப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

குடோனில் சிக்கிய கட்டுகள்:

2019 லோக்சபா தேர்தலில் வேலூர் தொகுதியில் திமுக வேட்பாளராக நின்றவர் கதிர் ஆனந்த். அப்போது திமுக பொருளாளராக இருந்த துரைமுருகனின் மகன். எதிரே அதிமுக கூட்டணியில் இரட்டை இலைச் சின்னத்தில் நின்றவர் புதிய நீதிக் கட்சித் தலைவர் ஏ.சி.சண்முகம்.

ஏப்ரல் 18ம் தேதி ஓட்டுப்பதிவு. அதற்கு மூன்று வாரம் முன்பு காட்பாடியில் துரைமுருகன் வீட்டில் வருமான வரித்துறையினர் புகுந்தனர். அடுத்து ஏப்ரல் 1ம் தேதி திமுக பிரமுகர் ஒருவரின் சிமெண்ட் குடோனில் சோதனை நடந்தது. அங்கே சுமார் ரூ. 11.5 கோடி ரொக்கம் சிக்கியது. வார்டு வாரியாக எழுதி, கட்டுக் கட்டாக வைத்திருந்ததாக செய்தி வர, தமிழகமே பரபரப்பானது.

இது அரசியல் உள்நோக்கம் கொண்ட சோதனை என்று துரைமுருகன் தரப்பு மறுத்தது. ஆனால், தேர்தல் கமிஷனின் பரிந்துரையை ஏற்று, ஏப்ரல் 16ம் தேதி ஜனாதிபதி ராம்நாத் கோவிந்த் வேலூர் தேர்தலை ரத்து செய்தார். பணப் பட்டுவாடா புகாரில் லோக்சபா தொகுதி ஒன்றின் தேர்தலே ரத்தானது நாட்டில் அதுதான் முதல் முறை.

வேட்பாளரை ஏன் நீக்கலை?:

தப்பு செய்தவர் மேல் நடவடிக்கை எடுக்காமல், ஓட்டுப் போடுறவங்களை ஏன் காத்திருக்க வைக்கணும் என்பது நியாயமான கேள்வி. சண்முகமே ரத்தை எதிர்த்து சென்னை ஐகோர்ட்டுக்குப் போனார். ஏப்ரல் 17ம் தேதி மனு தள்ளுபடியானது.

விஷயம் இதுதான். புகார் வந்த உடனே வேட்பாளரைத் தகுதி நீக்கம் செய்ய தேர்தல் கமிஷனுக்கு அதிகாரம் இல்லை. ஓட்டுக்குப் பணம் கொடுத்தது கோர்ட்டில் நிரூபணமாகி, தண்டனையோ தீர்ப்போ வந்தால்தான் தகுதி போகும். அதற்கு வருஷக்கணக்கில் ஆகும். அதனால் கமிஷன் கையில் இருந்த ஒரே ஆயுதம், தேர்தலை நிறுத்துவது. ரத்துக்குப் பின் நடக்கும் தேர்தலில் அதே ஆள் நிற்கத் தடையில்லை. 2016ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூரிலும், 2017ல் ஆர்.கே.நகரிலும் நடந்ததும் இதேதான்.

கூத்து என்னவென்றால், ஆம்பூர், குடியாத்தம் சட்டசபை இடைத்தேர்தல்கள் மட்டும் திட்டமிட்டபடி ஏப்ரல் 18ம் தேதியே நடந்தன. அந்த ஊர் மக்கள் எம்எல்ஏவுக்கு ஒரு தடவையும், எம்பிக்கு ஆகஸ்ட் 5ம் தேதி இன்னொரு தடவையும் வரிசையில் நின்றார்கள்!

8,141 சொல்லும் சேதி:

ஆகஸ்ட் 9ம் தேதி ஓட்டு எண்ணிக்கை. கதிர் ஆனந்த் 4,85,340, சண்முகம் 4,77,199. வித்தியாசம் வெறும் 8,141. நோட்டாவுக்கு விழுந்ததே 9 ஆயிரத்துக்கும் மேல்!

அதே வருஷம் திமுக கூட்டணி தமிழகத்தின் 39 தொகுதிகளில் 38ஐ அள்ளியது. பல இடங்களில் லட்சக்கணக்கான ஓட்டு வித்தியாசம். வேலூரில் மட்டும் மூச்சு முட்டியது. தனியாக நடந்த தேர்தல், ஆளுங்கட்சியின் முழு பலம், சண்முகத்தின் சொந்த செல்வாக்கு எல்லாம் சேர்ந்ததுதான் காரணம். ஆனால் பணப் புகாருக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்ல முடியாது.

துரைமுருகன் கதையையும் பாருங்கள். காட்பாடியில் 2016ல் 23 ஆயிரத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் ஜெயித்தவர், திமுக ஆட்சியைப் பிடித்த 2021ல் 746 ஓட்டில்தான் தப்பினார். காட்பாடி அரக்கோணம் லோக்சபா தொகுதியில் வருவது. ஆக, அது தனிக் கணக்கு. ஆனாலும் சொந்த ஊரிலேயே இந்த நிலைமை.

கரை சேர்த்த தோல் பெல்ட்:

2019ல் அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தத்தில் சண்முகம் முந்தினார். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி கதிர் ஆனந்துக்குக் கைகொடுத்தன. தோல் ஷாப்புகளும் ஷூ கம்பெனிகளும் நிறைந்த, முஸ்லிம்கள் கணிசமாக வாழும் பகுதி ஆம்பூரும் வாணியம்பாடியும்.

பிரசாரம் சூடு பிடித்த நேரத்தில்தான் முத்தலாக் மசோதா வந்தது. ஜூலை 25ம் தேதி லோக்சபாவில் நிறைவேறியது. அங்கே அதிமுகவின் ஒரே எம்பி ரவீந்திரநாத் அதை ஆதரித்தார். ஓட்டுப்பதிவு நாளான ஆகஸ்ட் 5ம் தேதியே காஷ்மீரின் 370வது பிரிவு சிறப்பு அந்தஸ்தும் போனது. இங்கே பலருக்கு, குடோன் பணத்தைவிடப் பெரிய கவலை இது. புகார் மறந்து போகவில்லை, அதைவிட கனமான விஷயம் தராசில் ஏறியது.

2024ல் சண்முகம் தாமரைச் சின்னத்தில் நின்றார், அதிமுக தனியாகப் போனது. கதிர் ஆனந்த் 2,15,702 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். எதிரணி ஓட்டு பிரிந்ததால் மட்டும் வந்த வெற்றி இல்லை. சண்முகத்தின் 3.53 லட்சத்தையும் அதிமுகவின் 1.17 லட்சத்தையும் கூட்டினாலும் அவரது 5.68 லட்சத்தைத் தொடாது. 2025 ஜனவரியில் அதே பழைய விவகாரத்தில் அமலாக்கத்துறை கதவைத் தட்டியது தனிக் கதை.

உண்மையில் நஷ்டம் யாருக்கு?:

2019 ஜூனில் புது லோக்சபா கூடியபோது வேலூர் நாற்காலி காலி. பட்ஜெட் வந்தது, எம்பி இல்லை. முத்தலாக் மசோதாவுக்கு ஓட்டெடுப்பு நடந்தது, எம்பி இல்லை. ஆகஸ்ட் 6ம் தேதி காஷ்மீர் மசோதா நிறைவேறியபோது வேலூரின் ஓட்டுகள் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தன. எந்த விஷயத்துக்காக ஆம்பூரும் வாணியம்பாடியும் திரண்டு ஓட்டுப் போட்டனவோ, அதில் பேச ஒரு குரல்கூட அந்தத் தொகுதிக்கு இல்லை!

பாலாற்றுக் கழிவு பற்றி 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது. அதே வருஷம் ஆகஸ்டில் அமெரிக்காவின் 50 சதவீத வரி ஆம்பூர் ஷூ கம்பெனிகளைக் கலங்கடித்தது. இதற்கெல்லாம் டெல்லியில் பேச ஒரு ஆள் எப்போதும் வேண்டும்.

கட்டுக் கட்டாய் பணம் பிடிபட்டபோது வேட்பாளருக்குப் போனது நாலு மாசம். தொகுதிக்குப் போனதும் அதே நாலு மாசம்தான். ஆனால் அவருக்கு சீட் திரும்பக் கிடைத்தது. அந்த ஓட்டெடுப்புகள் வேலூருக்குத் திரும்ப வராது.