ஞாபகத்தைத் துறந்த காவல்

1996ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 6ஆம் தேதி தொடங்கி, நியூயார்க் நகரத்தின் பழைமையான இணையச் சேவை ஸ்தாபனங்களுள் ஒன்றாகிய பானிக்ஸின் சர்வர்கள், மின்சாரம் நின்றதாலும் அல்ல, கம்பி அறுந்ததாலும் அல்ல, யாரோ இடைவிடாமல் அனுப்பிய, தனித்தனியே பார்த்தால் குற்றமேதும் காணமுடியாத மிகச் சிறிய வேண்டுகோள்களுக்கு ஆட்பட்டே பல நாட்கள் செயலிழந்து கிடந்தன. ‘ஸின் வெள்ளம்’ என்று இன்று பாடநூல்கள் குறிப்பிடும் தாக்குதலை உலகம் பரவலாக அறிந்தது அப்போதுதான்.

இணையத்தில் இரண்டு கணினிகள் செய்தி பரிமாறிக்கொள்வதற்கு முன்னால், ஜான் போஸ்டல் பதிப்பித்து 1981இல் வெளியான டிசிபி விதிமுறையின்படி, மூன்று படிகள் கொண்ட ஓர் அறிமுகச் சடங்கு நிறைவேற வேண்டும். இணைய விரும்பும் கணினி ‘ஸின்’ என்னும் பாக்கெட்டை அனுப்ப, அதைப் பெற்ற சர்வரின் இயங்குதளம், அனுப்பியவரின் விலாசத்தையும் தொடக்க எண்களையும் தன் ஞாபகத்தில் குறித்துக்கொண்டு, ‘ஸின்-ஆக்’ என்று மறுமொழி விடுத்து, ‘ஆக்’ என்னும் மூன்றாவது பாக்கெட் வந்து சேரும்வரை காத்திருக்கும். இவ்வாறு பாதி திறந்த நிலையில் நிற்கும் இணைப்புகளுக்கென இருந்த வரிசை, அக்காலத்து இயங்குதளங்கள் பலவற்றில் மிகக் குறுகியது. பெர்க்லி யூனிக்ஸ் வழிவந்தவையோ ஒவ்வோர் இணைப்புக்காகவும் 75 விநாடி காத்திருந்தன.

தாக்குபவர் செய்ததெல்லாம், அனுப்புநர் விலாசத்தைப் பொய்யாக எழுதி ஸின் பாக்கெட்டுகளை அடுத்தடுத்து விடுத்ததே. எவரும் இல்லாத விலாசத்துக்குச் சென்ற மறுமொழிக்கு உத்தரம் வரப்போவதில்லை. ஆயினும் சர்வர், வருவதாகச் சொல்லியனுப்பியவர்களுக்கெல்லாம் இலை போட்டுவிட்டு, வாசலில் பசியோடு நிற்பவரை இடமில்லையென்று திருப்பியனுப்பும் விருந்து வீட்டைப்போல, பொய்யருக்கு இடம் ஒதுக்கி மெய்யரை விலக்கியது. விதியை அப்படியே பின்பற்றிய நிரல், 40 பைட் அளவே உள்ள ஒரு பாக்கெட்டுக்காக, அதை அனுப்பியவர் யாரென்று நிச்சயமாவதற்கு முன்பே, நூற்றுக்கணக்கான பைட் நினைவகத்தையும் ஒரு நிமிஷத்துக்கு மேற்பட்ட காலத்தையும் செலவிட்டது. கேட்பவருக்குச் செலவின்றிக் கொடுப்பவருக்கு மட்டும் செலவு வைக்கும் எந்த ஏற்பாடும் இத்தகைய தீங்குக்கு இடங்கொடுக்கும்.

பில் செஸ்விக், ஸ்டீவன் பெல்லோவின் என்னும் அறிஞர் இருவர் 1994இலேயே இக்குறையைக் கண்டறிந்து, தம் நூலில் அதுபற்றி எழுதிய பத்தியை அச்சேறுமுன் நீக்கிவிட்டனர். மறைத்துவைத்த அந்த அறிவு இரண்டாண்டு காலம் எவ்வித நிவாரணத்தையும் பிறப்பிக்கவில்லை. தலைமறைவுப் பத்திரிகைகள் இரண்டு தாக்கும் நிரலையே வெளியிட்டபோது, காக்க வேண்டியவர்கள் வெறுங்கையோடு நின்றனர். கணினிப் பாதுகாப்பு அபாயங்களை அறிவிக்கும் அமெரிக்காவின் செர்ட் அமைப்பு 1996 செப்டம்பர் 19ஆம் தேதி எச்சரிக்கை விடுத்தது.

வரிசையை நீட்டுவதும், காத்திருக்கும் காலத்தைக் குறுக்குவதும் அபாயத்தை ஒத்திப்போட்டனவேயன்றி நீக்கவில்லை. டேனியல் பெர்ன்ஸ்டைன் அதே மாதம் முன்வைத்த ‘ஸின் குக்கீ’ என்னும் உபாயமோ வேரையே நாடியது. இதன்படி, வரிசை நிரம்பியதும் சர்வர் எதையும் குறித்துவைப்பதில்லை. மறுமொழியில் கட்டாயம் இடம்பெறும் 32 பிட் தொடக்க எண்ணையே, 64 விநாடிக்கு ஒருமுறை ஏறும் கடிகார எண்ணிலிருந்து 5 பிட், பாக்கெட்டின் உச்ச அளவைக் குறிக்க 3 பிட், இருவர் விலாசங்களையும் போர்ட் எண்களையும் அக்கடிகாரத்தையும் இரகசியச் சாவியோடு கலந்து கணித்த 24 பிட் என்று அமைத்து அனுப்பிவிட்டு, அதை மறந்துவிடுகிறது. மெய்யான விலாசத்தில் இருப்பவர் அந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டித் திருப்பியனுப்பியாக வேண்டும். வந்த எண்ணில் ஒன்றைக் கழித்து, மீண்டும் கணித்துப் பார்த்து, விடை ஒத்திருந்தால் மட்டுமே சர்வர் தன் நினைவகத்தை ஒதுக்குகிறது. இணைப்பின் சில விசேஷ வசதிகளை இதனால் இழக்க நேர்ந்தபோதிலும், லினக்ஸுக்கான நிரல் 1997 பிப்ரவரியிலேயே வெளியாயிற்று.

எனினும் குக்கீ, தன்னை மேற்கொண்ட சர்வரை மட்டுமே காக்கிறது. பொய் விலாசம் தாங்கிய பாக்கெட்டை அது புறப்படும் இடத்திலேயே தடுக்கவேண்டும் என்னும் பரிந்துரை 1998இல் வெளியாகி, 2000இல் சிறந்த நடைமுறையாக ஏற்கப்பட்டது. அதைச் செய்யும் வலையமைப்புக்கு உடனடி லாபமில்லை; பயன் முழுவதும் எங்கோ இருக்கும் மற்றவருக்கே போகிறது. ஆயினும், ஒருவரையொருவர் நம்பிய ஆராய்ச்சியாளர் சிலருக்காக வகுக்கப்பட்ட விதிகளை நம்பி இன்று ஆஸ்பத்திரிகளும் வங்கிகளும் இயங்குகையில், தன் எல்லையிலிருந்து பொய் வெளியேறாமல் காப்பது ஒவ்வொரு சேவை ஸ்தாபனத்தின் கடமை என்றே கருதுகிறேன். அதை ஒப்பந்தத்தாலோ சட்டத்தாலோ கட்டாயமாக்கினும் தகும்.